வீடு உண்டு என்று எழுதியவர்கள்

சூரியநெல்லி,
27 ஜனவரி 2025

அன்பு மகள் ரிஞ்சுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மா கத்தரீனாளும் சுகம். அவளுடைய முட்டிவலி பனி போகும்வரை போகாதாம். டாக்டரைக் கேட்காமல் அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் காது பழையபடி இருக்கிறது, அதாவது ஒன்றும் கேட்பதில்லை. தேயிலை ஃபாக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் ரோலர் மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு இனி என்ன கேட்டு ஆகப்போகிறது என்று இத்தனை நாள் தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் காது இல்லாமல் போயிற்றே என்று வருந்தினேன்.

நேற்று பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டு பெர்சி தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீ மேடையில் நிற்கிறாய். பின்னால் காலேஜ் பேனர். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் பேச்சுப்போட்டியில் பிரைஸ் வாங்கிவிட்டாள் என்று நினைத்து, “நம்ம புள்ள, நம்ம ரிஞ்சு” என்று நின்றவர்களிடமெல்லாம் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை, அம்மாடி. சிலர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், சாவு வீட்டில் தட்டுவதுபோல.

வீட்டுக்கு வந்ததும், நீ பேசினதை ஒரு வார்த்தை விடாமல் எழுதித் தரும்படி பெர்சியைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ‘வீடு உரிமையா, உதவியா’ என்பது தலைப்பாம். காலேஜ் சுவருக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் கொட்டகை போட்டிருக்கிற ஒன்பது குடும்பத்தைக் காலேஜே காலி பண்ணப் பார்க்கிறது என்று சொல்லியிருக்கிறாய். அது உனக்கும் உன் காலேஜுக்கும் உள்ள விஷயம். அடுத்த வரிதான் எனக்கு. ‘தெருவில் படுப்பவர் மட்டும் வீடில்லாதவர் அல்ல. என் அப்பா ஏசுரத்தினமும் வீடில்லாதவர்தான். வரும் மார்ச்சில் ரிட்டயர் ஆனதும் கம்பெனி அவரைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து வெளியே தள்ளும்.’ பெயரோடு சொல்லியிருக்கிறாய்.

நீ பிறந்தது எங்கே? ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கிவந்து கிடத்தியது எங்கே? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீயும் நானும் சுண்ணாம்பு அடித்தோமே, அது யாருடைய சுவர்? பேச உனக்கு உரிமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

கடைசியில் நீ வாயை அசைக்கிறாய், சத்தம் வரவில்லை, மைக்கை அணைத்துவிட்டார்கள் போல என்று பெர்சி எழுதியிருந்தாள். எனக்கு முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

பதிலை பெர்சி போனுக்கு அனுப்பாதே. லயம் முழுக்கப் படித்த பிறகுதான் அது என்னிடம் வரும். கடிதமாகப் போடு.

உன் அப்பா,
ஏசுரத்தினம்,
பதினொன்றாம் லயம், நாலாம் வீடு.
(வீடு என்றுதான் தபால்காரரும் எழுதுகிறார்.)


கொழிஞ்சாம்பாறை,
1 பிப்ரவரி 2025

என் அன்பான அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை எடுத்தபோது யோகப்பிரியா பிடுங்கி வைத்துவிட்டாள். அவள் என் வகுப்புத் தோழி. இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன். இதை உங்களிடம் மறைத்தது தப்பு. மேடையில் பேசிய மறுநாளே என்னை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், ஹாஸ்டலையும் காலி செய்யச் சொன்னார்கள். வீடில்லாதவர்களுக்காகப் பேசப் போய் நானே பெட்டியோடு ரோட்டில் நின்றேன் என்று யோகப்பிரியா கேலி செய்கிறாள்.

இவர்கள் தோட்டம் துரவு உள்ளவர்கள். அவள் அப்பா அர்த்தநாரிக்குத் தென்னையும் நெல்லும் இருக்கிறது. அம்மா கமலாத்தாள் நான் வந்த அன்றே, “ஊட்டுல சொல்லீட்டயா கண்ணு? சொல்லாம இருக்காதே, பெத்தவங்களுக்கு மனசு கேக்காது” என்றார். தலையாட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் கோவிலில் சிரித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அப்பா. கேட்டுவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரிந்த நாள் ஒன்று உண்டு. நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது பஞ்சாயத்திலிருந்து வீடில்லாதவர் கணக்கெடுக்க ஓர் அக்கா வந்தாரே, நினைவிருக்கிறதா? ‘வீடு உண்டோ’ என்ற கட்டத்தில் நீங்கள் ‘உண்டு’ என்று எழுதினீர்கள். அதோடு விடாமல், “நல்ல வீடு, மழைக்கு ஒழுகாது” என்று அவருக்குச் சுற்றிக் காட்டினீர்கள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன். அந்தப் பட்டியலில் நம் பெயர் வராமல் போனது அந்த ஒரு வார்த்தையால்தான். லயத்தில் இருப்பவர்கள் அதில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கலாம் என்பதே இந்தப் பட்டிமன்றத்துக்குத் தயாரிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அன்று வந்த கோபம் மேடையில் வெளியே வந்துவிட்டது. உங்கள் மேல் வந்த கோபம் இல்லை அப்பா. உங்களையும் என்னையும் அப்படி நம்ப வைத்ததன் மேல்.

வீடு என்றால், வெளியே போ என்று யாரும் சொல்ல முடியாத இடம். நம்முடையது அப்படியா?

பஞ்சாயத்து வீடு கட்டித் தரும் புதுப் பட்டியலுக்கு இந்த மாதம் இருபதாம் தேதி வரை மனு கொடுக்கலாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில், எனக்கோ என் குடும்பத்துக்கோ சொந்தமாக வீடோ நிலமோ இல்லை என்று இருக்கும் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

காலேஜில் என்னிடமும் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள். பேசினது எல்லாம் தவறு என்று எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். மாட்டேன் என்று வந்துவிட்டேன். அர்த்தநாரி ஐயா, “ஒரு கையெழுத்துத்தானே அம்மிணி? போட்டுப்போட்டுப் பரீட்சைய எழுதற வழியப் பாரு” என்கிறார். சும்மா வீடு கொடுத்தால் உழைத்துக் கட்டியவன் எல்லாம் ஏமாளியா என்றும் கேட்கிறார். தினமும் சாப்பிடும்போது எங்களுக்குள் வாக்குவாதம்தான். எனக்கு இன்னொரு தோசை வைக்கச் சொல்வதும் அவர்தான்.

அம்மாவிடம் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ரிஞ்சு


சூரியநெல்லி,
7 பிப்ரவரி 2025

ரிஞ்சுவுக்கு,

கடிதமும் தாளும் வந்தது. தாளை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

சஸ்பெண்ட் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, தோழி வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். என் வாயைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் வாயைப் பார்த்து நான் பேச்சைப் புரிந்துகொள்வதுபோல அவளுக்கும் ஒரு வித்தை இருக்கிறது.

நீ சொன்னதை யோசித்தேன். வெளியே போ என்று யாரும் சொல்ல முடியாத இடம் வீடு என்கிறாய். அப்படி ஓர் இடம் யாருக்கு இருக்கிறது? என்னோடு ரோலரில் நின்ற சூசையப்பன் ரிட்டயர் ஆகி போடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தான். அங்கேயும் இரண்டு தடவை மாறிவிட்டான். நீ இருக்கிற வீட்டு அர்த்தநாரி ஐயாவின் தென்னந்தோப்புக்குள் நாளைக்கே ரோடு போட அளந்தால் அவரும் போக வேண்டியதுதானே? நாம் சமைக்கிற அடுப்பு எங்கே எரிகிறதோ அது வீடு. நான் அப்படி நினைத்துத்தான் ‘உண்டு’ என்று எழுதினேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையே எழுதுவேன். ஒரு மனிதன் தன் கையால் ‘எனக்கு வீடில்லை’ என்று எழுத வேண்டும் என்றால், அதுவரை அவன் வாழ்ந்தது என்ன?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மகள் செக்ரோலில், அதான் தோட்டத்து ஆள் கணக்கில், பெயர் கொடுத்துக் கொழுந்து எடுக்க வந்தால் வீடு எங்களுக்கே இருக்கும் என்று. என் அப்பாவுக்குப் பிறகு நான் பெயர் கொடுத்ததால்தான் எனக்கு இந்த வீடு வந்தது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தாளைத் திருப்பி, ‘என் மகள் எம்.ஏ. படிக்கிறாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால்தான் சொல்கிறேன், படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த வீட்டை விட்டுவிட்டு உன் படிப்பைத்தான் வைத்துக்கொண்டேன்.

வாய்க்கால் ஓரத்துக் குடும்பங்களைப் பற்றி நீ சொன்னதை மாற்று என்று நான் கேட்க மாட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாய். என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். உன் அப்பாவுக்கு வீடு உண்டு என்று அந்தக் காலேஜுக்குத் தெரிய வேண்டும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா,
ஏசுரத்தினம்


கொழிஞ்சாம்பாறை,
15 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன்.

பிரின்சிபல் இரண்டு விஷயம் எழுதச் சொல்லியிருந்தார். கொட்டகைகளைக் காலேஜ் காலி செய்யப் பார்க்கிறது என்றது பொய், அப்பாவைப் பற்றிச் சொன்னது பொய். முதலாவதை எழுத மாட்டேன், இரண்டாவதை எழுதித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். உடனே, அது போதும் என்றார். அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

‘என் பெற்றோருக்குச் சூரியநெல்லியில் வீடு உண்டு. என் அப்பாவை வீடில்லாதவர் என்று நான் சொன்னது உண்மையல்ல. இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.’ மலையாளத்தில் இவ்வளவுதான் எழுதினேன். திரும்பவும் அப்படிப் பேசினால் காலேஜிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்று கீழே அவர்களே ஒரு வரி சேர்த்தார்கள். கையெழுத்துப் போட்டேன். சாயங்காலமே அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, காலேஜின் இணையப் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் வாய்க்கால் பக்கமாக நடந்துபோனேன். அங்கே செங்கல் சூளையில் வேலை செய்யும் ராமலட்சுமி அக்கா இருக்கிறார். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் உட்காரச் சொல்வார். அன்றைக்கு நின்றபடியே கேட்டார். “ஏங் கண்ணு, உங்கப்பனுக்கு ஊடு இருக்குதாமா? அப்ப எங்களப் பத்திப் பேசுனதும் பொய்யின்னு சொல்றாங்களே, அது நெசமுங்களா?” என்னிடம் இதுவரை ‘ங்க’ போட்டு அவர் பேசியதில்லை.

ஒன்று பொய் என்று ஆகிவிட்டால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பிரின்சிபலுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ. படிக்கிறேனாம்.

உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது அப்பா. போய்விடும்.

திங்கட்கிழமை முதல் வகுப்புக்குப் போகிறேன். பரீட்சை ஏப்ரலில்.

ரிஞ்சு


சூரியநெல்லி,
16 பிப்ரவரி 2025

அம்மாடி ரிஞ்சு,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போடு.

புதன்கிழமை எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் பையன் லிஸ்ட் எடுக்க வந்தான். ரிட்டயர் ஆகிறவர்கள் வீட்டில் கம்பெனிச் சாமான் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவார்களாம். இத்தனை வருஷத்தில் பக்கத்து வீடுகளில் எடுக்கும்போது நான் டியூட்டியில் இருந்திருக்கிறேன், பார்த்ததில்லை. மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். கதவு இரண்டு, ஜன்னல் ஒன்று, தாழ்ப்பாள் மூன்று, பல்பு ஹோல்டர் நாலு என்று எழுதிக்கொண்டே போனான். கூரைத் தகரத்தை எண்ணினான். அம்மா அவனுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள், அடுப்பு மேடையையும் எழுதினான்.

அடுக்களைத் தரை நான் போட்டது. நீ தவழும்போது முட்டியில் மண் ஒட்டுகிறதே என்று மூணாறிலிருந்து சிமென்ட் வாங்கி ஜீப்பில் ஏற்றிவந்து என் கையால் பூசினேன். “தம்பி, இது நான் போட்டது, கம்பெனி போட்டதில்லை” என்றேன். அவன் யோசித்து, தாளில் ஒரு கட்டத்தில் எழுதி என்னிடம் காட்டினான். ‘அனுமதி இல்லாமல் செய்த மாற்றம்.’ அவன் மேல் குற்றம் இல்லை. அந்தத் தாளில் அதற்கு வேறு கட்டம் கிடையாது.

அவன் போன பிறகு நான் ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா எதிரே வந்து உட்கார்ந்து, நான் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னாள். “எனக்கு இது கல்யாணமாகி வந்த அன்னைக்கே தெரியும். நீங்க சந்தோஷமா இருந்தீக, நான் எதுக்குச் சொல்லிக்கிட்டு?”

பைபிளிலிருந்து தாளை எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜீப் பிடித்துப் போய் பஞ்சாயத்து ஆபீஸில் கொடுத்துவிட்டேன். ‘வீடோ நிலமோ இல்லை’ என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்னது சரி. ஆகையால் காலேஜில் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளாதே. எழுதியிருந்தால் நிறுத்து.

அன்புடன் அப்பா


கொழிஞ்சாம்பாறை,
20 பிப்ரவரி 2025

அப்பா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். நீங்கள் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கிழமை, நான் ‘உண்டு’ என்று கையெழுத்துப் போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. யோகப்பிரியா உங்கள் கடிதத்தையும், காலேஜ் பக்கத்தில் போட்ட என் கடிதத்தைப் போனில் எடுத்தும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். அது காலேஜ், இது பஞ்சாயத்து. தரையை நினைத்து வருந்தாதீர்கள். அதில் தவழ்ந்தவள் நான், யார் போட்டது என்று எனக்குத் தெரியும்.

ரிஞ்சு


சூரியநெல்லி,
9 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ வகுப்புக்குப் போவது கேட்டு அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

பட்டியலை ஒட்டிய பிறகு யாரோ ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. நம்மைப்போல இடம் இல்லாத ஒருவராகவே இருக்கும். ஒரு பெயர் குறைந்தால் இன்னொரு பெயர் மேலே ஏறும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலேஜுக்கு நீ எழுதி, போனில் வந்த கடிதத்தைப் பிரின்ட் எடுத்து இணைத்திருக்கிறார். ஆபீசர் அம்மா எனக்குக் காது கேட்காது என்று தெரிந்து, எதிரில் நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் தாளில் எழுதி எழுதிக் காட்டினார். உன் மலையாளத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது.

“இது நான் எழுதச் சொன்னது. என் ரோஷத்துக்காக எழுதச் சொன்னது” என்றேன். எனக்குக் கேட்காததால் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா எழுதிய பதிலை அப்படியே தருகிறேன். ‘மகளே எழுதியிருக்கிறாள். நாங்கள் அதை எப்படித் தள்ளுவது? அப்பீல் கொடுங்கள். 24ஆம் தேதி கமிட்டி கூடுகிறது. எழுதியவர் நேரில் வந்து, இது சரியல்ல, காரணம் இது என்று சொன்னால் பார்க்கலாம்.’

அப்பீல் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீ வராதே. வந்து சொன்னால் காலேஜில் போட்ட கையெழுத்து முறிந்துபோகும், பரீட்சை போய்விடும். ஐந்து வாரத்தில் முடியப்போகிற படிப்பு. ஆபீசர் சொன்னதை உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மறைத்த வரைக்கும் போதும்.

31ஆம் தேதிக்குப் பிறகு, சம்பளத்தில் பிடித்த பணத்தை வாங்கும்வரை கொஞ்ச நாள் விடுவார்கள். அப்புறம் போடியில் சூசையப்பன் இருக்கிற தெருவில் ஓர் அறை இருக்கிறதாம். அம்மாவுக்கும் அங்கே குளிர் இல்லை, முட்டிக்கு நல்லது. அவளும் அப்படித்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மீதியை என்னால் வாசிக்க முடியவில்லை.

நான் கேட்டதைத்தான் நீ எழுதினாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நன்றாகப் படி.

அப்பா


கொழிஞ்சாம்பாறை,
14 மார்ச் 2025

அன்பான அப்பாவுக்கு,

இரண்டு நாளாக ஒரு கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு இல்லை, பிரின்சிபலுக்கு. நான் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என் அப்பாவைப் பற்றியும் வாய்க்கால் ஓரத்துக் குடும்பங்களைப் பற்றியும் மேடையில் சொன்னது உண்மை என்று எழுதியிருக்கிறேன். பஞ்சாயத்தில் சொல்லப் போவதை முதலில் காலேஜுக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. ஒளிந்து போய்ச் சொல்ல மாட்டேன்.

அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும். ஹால்டிக்கெட் வராது. அடுத்த வருஷம் வேறு எங்காவது எழுத முடியுமா என்று யோகப்பிரியா விசாரிக்கிறாள், நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை. அர்த்தநாரி ஐயாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “படிப்பக் கெடுத்துக்கிட்டு என்ன நாயம் வேண்டிக் கெடக்குது? அப்பனுக்கு ஊடு வாங்கோணும்னா படிச்சு வேலைக்குப் போயி வாங்கு” என்று நேற்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் யோசித்தேன். ஆனால் நான் வேலைக்குப் போய் உங்களுக்கு ஒரு வீடு வாங்கினால், ராமலட்சுமி அக்கா கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். கொட்டகைகளில் இரண்டைப் பிரித்துவிட்டார்கள். என் கடிதத்தைக் காட்டித்தான் பிரித்தார்கள்.

இவ்வளவு முடிவு செய்த பிறகும் அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். முதல் தடவை உங்களைக் கேட்காமல் உங்களைப் பற்றிப் பேசினேன். நீங்கள் கோவில் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். இந்தத் தடவை நீங்கள் சரி என்று சொல்லாமல் பேச மாட்டேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறேன், இதைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். என் படிப்புக்காக நீங்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் அதை இழப்பதா என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு.

அப்பா, கமிட்டி முன்னால் உங்களைப் பற்றி நான் பேசலாமா?

ஸ்பீட் போஸ்டில் பதில் போடுங்கள்.

ரிஞ்சு


சூரியநெல்லி,
18 மார்ச் 2025

அம்மாடி ரிஞ்சுவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஃபாக்டரியில் மெஷின் முன்னால் நின்று அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது.

உன் படிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது. உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. எரிகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். கடைசியில் அம்மாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் என்மேல்தான் பாய்ந்தாள். “உண்டுன்னு மொதல்ல எழுதினது நீங்க. அவள எழுத வச்சதும் நீங்க. இப்பம் பேசட்டுமான்னு புள்ள ஒங்ககிட்ட வந்து கேக்கா. இதுல யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக!” பிறகு அவளும் அழுதாள்.

பேசு. என்னைப் பற்றிப் பேச உனக்கு அனுமதி தருகிறேன். பிரின்சிபலுக்கு எழுதியதைக் கொடுத்துவிட்டு வா.

ஆனால் சில திருத்தம் இருக்கிறது, கவனமாகக் கேள். கம்பெனி என்னை வெளியே தள்ளும் என்று அன்றைக்குச் சொன்னாய். யாரும் தள்ள மாட்டார்கள். சாவியை நானே கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்து, கொடுத்தேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். அதை அப்படியே சொல். தள்ளுவார்கள் என்றால் அவர்கள் இல்லை என்பார்கள், இதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. வேலையை விடும்வரை அம்மா முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்ததைச் சொல். உன் முதல் பேச்சில் அவள் பெயரே வரவில்லை. அது அவளுக்குப் பெரிய மனக்குறை, என்னிடம் சொல்லாமல் பெர்சியிடம் சொல்லியிருக்கிறாள். தரை விஷயம் வேண்டாம். அது நம் வீட்டு விஷயம். ஆட்சேபம் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லாதே, அவர் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுமலை வந்து மூணாறு பஸ்ஸைப் பிடி. பெர்சி வீட்டுக்காரர் ஜீப்போடு மூணாறில் நிற்பார். அர்த்தநாரி ஐயாவுக்கும் கமலாத்தாள் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். நான் அவராக இருந்தாலும் தட்டை நகர்த்தியிருப்பேன் என்றும் சொல்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி. நீ எல்லாவற்றையும் சொன்ன பிறகு, இவருக்கு வீடு உண்டா என்று கடைசியாகக் கேட்பார்களாம். ஆபீசர் அம்மா முன்பே எழுதிக் காட்டிவிட்டார். அவர்கள் கேட்பது என் காதில் விழாது. கேட்டதும் என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கு. அதற்கு மட்டும் நீ பதில் சொல்லாதே. நான் எழுந்து நின்று, ‘இல்லை’ என்று என் வாயால் சொல்கிறேன்.

உன் அப்பா,
ஏசுரத்தினம்